நான்கு விரற்கடை

கண்ணாடிக்காரர் தொங்கிக்கொண்டிருந்த கயிறு எதிலும் கட்டப்பட்டிருக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதிலிருந்து பதினொரு மணி வரை, நாற்பது நிமிடம், பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடி உயரத்தில் அவர் அப்படியே இருந்தார். சும்மாவும் இருக்கவில்லை, பதினொரு சன்னல்களைச் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, ரப்பர் பட்டையால் வழித்து, ஓரங்களைத் துணியால் துடைத்தார். ஏழாவது சன்னலில் பறவை எச்சம் காய்ந்து பிடித்திருந்ததால் அதற்கு மட்டும் கூடுதல் நேரம் ஆயிற்று. கண்ணாடிக்காரர் என்றதும் மூக்குக் கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய பார்வையில் ஒரு குறையும் இல்லை. உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளை வெளிப்பக்கத்திலிருந்து துடைப்பது தொழில். பத்தொன்பது வருடமாக அதைச் செய்துவந்தார். அவர் மனைவி வீட்டில் தையல் மெஷின் போட்டுத் திரைச்சீலைகள் தைத்துவந்தாள். "புருஷன் துடைப்பான், பெண்டாட்டி மூடுவாள்" என்று தெருவில் கேலி செய்வார்கள்.

அந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பலகையில் உட்கார்ந்து வெளியே தொங்குவார். இன்னொருவர் மொட்டை மாடியில் இரும்புத் தூணில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். மேலே நின்றவர் கண்ணாடிக்காரரின் மனைவிக்கு அண்ணன். நாள் முழுவதும் அந்தரத்திலிருந்து "மச்சான், மச்சான்" என்று கூவிக் கூவி, கட்டடக் காவலாளியிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் மச்சானாகிவிட்டார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. இருவருக்கும் நடுவில் ஒரு கேள்வியும் ஒரு பதிலும் உண்டு. கைப்பிடிச் சுவரைத் தாண்டும் முன்பும், ஒவ்வொரு தடவை பக்கவாட்டில் நகரும் முன்பும், தொங்குகிறவர் "புடிச்சிருக்கா?" என்று கேட்க வேண்டும். மேலே நிற்பவர் "புடிச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். "புடிச்சிருக்கு" என்று சொல்லக் கூடாது. மச்சான் அதில் கறாரானவர். "புடிச்சிருக்குன்னா யாரு புடிச்சிருக்கா? தூணா, ஆணியா? ஆள் யாருன்னு பதில்லயே தெரியணும் மாப்ளே" என்பார். பத்தொன்பது வருடத்தில் அந்தப் பதிலின் வால் ஒருநாளும் மாறியதில்லை.

அந்த வாரம் பழைய கயிறுகளை மாற்றியிருந்தார்கள். ஆள் தொங்குகிற கயிறும் வாளி தொங்குகிற கயிறும் வேறு வேறு. ஆனால் கடைக்காரர் இரண்டையும் ஒரே தடிமனில் ஒரே வெள்ளையில் கொடுத்துவிட்டார். மச்சான் தூணில் சுற்றியது வாளியின் கயிற்றை. கண்ணாடிக்காரரின் கயிறு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தன்பாட்டில் கிடந்தது. "புடிச்சிருக்கா?" என்று கேட்டபோது "புடிச்சிருக்கேன்" என்று மச்சான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, வாளியைப் பிடித்துத்தான் இருந்தார். கயிற்றை விடவிட வாளி இறங்கியது, வாளியோடு கண்ணாடிக்காரரும் இறங்கினார். மாப்பிள்ளை இன்றைக்கு எடை குறைவாக இருக்கிறாரே, காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டாரோ என்று நினைத்ததாக மச்சான் பிறகு சொன்னார். அதற்கப்புறம் காற்று பலமாக அடித்ததால் கீழேயிருந்து எந்தக் குரலும் அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் கண்ணாடிக்காரர் பத்துத் தடவை நகர்ந்தார், பத்துத் தடவையும் கேட்டார், பத்துத் தடவையும் பதில் வந்தது. "புடிச்சிருக்கு" என்று வந்தது. மச்சான் வாயில் எதையாவது போட்டு மென்றுகொண்டிருக்கிறார் போல என்று எண்ணி அவர் வேலையைப் பார்த்தார். சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் அம்மா, அவருடைய கயிறு துணி காயப்போடும் கொடியைப் போலத் தொய்ந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர். இதுதான் புது முறையாக்கும் என்று அவரும் தட்டச்சைத் தொடர்ந்தார்.

பதினொரு மணிக்கு மச்சான் தற்செயலாகத் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அவருக்குப் போன உயிர் வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. பாய்ந்து அந்த நுனியை எடுத்தார். கயிற்றில் கயிற்றின் எடையைத் தவிர வேறு எடையே இல்லை. தூணில் சுற்றி முடிச்சுப் போட்டதும்தான் திடுக்கென்று ஓர் ஆளின் பாரம் அதில் வந்து விழுந்தது. கீழே பலகை ஒரு குலுக்குக் குலுங்கியது. அந்தக் குலுக்கலில்தான், அதுவரை கயிறு தன்னைத் தாங்கவில்லை என்பது கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது. மச்சான் அவரைத் தரைவரை இறக்கிவிட்டு, லிஃப்ட் இருப்பதே மறந்துபோய்ப் பன்னிரண்டு மாடியையும் படியில் ஓடி இறங்கி, "மாப்ளே, நான் வாளியப் புடிச்சிட்டு நின்னேன் மாப்ளே" என்று வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே காலைப் பிடிக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடிக்காரரின் பாதங்கள் நடைபாதையைத் தொடவில்லை. நான்கு விரற்கடை மேலேயே நின்றுபோயிருந்தன.

இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பாவம், இன்னும் பயந்துவிடுவார் என்று மச்சானும் மனைவியும் பேசி முடிவு செய்தார்கள். தெருவும் அதற்கு ஒத்துக்கொண்டது. தொங்குகிற தொழில்காரர்கள் கீழே பார்ப்பதில்லை, அது முதல் பாடம். அதனால் அவராகவும் பார்க்கவில்லை. ஆனால் கால் பொய் சொல்லுமா? காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாதது போலவே அவருக்கு இருந்தது. நாற்காலி, கதவு, குழாய், சன்னல் கம்பி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் இறுக்கிப் பிடித்தார். ஒன்றை விடும் முன் இன்னொன்றைப் பிடித்தார். சாப்பாட்டை மனைவி ஊட்ட வேண்டியிருந்தது. பத்தொன்பது வருடம் பயமே அறியாதவர் தப்பித்த பிறகு பயந்தாரே, இது என்ன கூத்து என்று தெருவில் பலருக்கும் குழப்பம். யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. கயிறு தாங்கியவரை அவருடைய தைரியத்துக்கு ஒரு முகவரி இருந்தது. கயிற்றை இழுத்துப் பார்க்கலாம், தூணைத் தட்டிப் பார்க்கலாம், மச்சானைத் திட்டலாம். இப்போது தாங்குவது எதுவென்று தெரியவில்லை. அது தாங்குவதற்குக் காரணமும் தெரியவில்லை. காரணம் தெரியாமல் பிடித்தது காரணம் தெரியாமல் விட்டுவிட்டால்?

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பயம் பிடித்திருக்கிறது என்றார்கள் சிலர். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் சிலர். பைத்தியம் பிடித்திருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்ன புண்ணியவான்களும் உண்டு. எதுவோ பிடித்திருக்கிறது என்பதில் மட்டும் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. டாக்டர் வீட்டுக்கே வந்து, அவருடைய உள்ளங்கால்களை அமுக்கிப் பார்த்து, கீழே இருந்த இடைவெளியையும் கையால் துழாவிப் பார்த்து, நரம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, காப்பியைக் குடித்து முடிக்காமலே போனார். டைப்பிஸ்ட் அம்மா பழங்கள் வாங்கிக்கொண்டு வந்து தான் பார்த்ததைச் சொன்னார். "கடவுள் கைவிட மாட்டார்" என்று ஆறுதலும் சொன்னார். எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். ஆனால் கையால் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு அது காதில் வேறு மாதிரி விழுந்தது. "அவரு கையை விடமாட்டாருன்னா, நான் என் கையை ஏன் விட முடியல?" என்று கேட்டார். டைப்பிஸ்ட் அம்மா பழத்தை நறுக்கட்டுமா என்று கேட்டார்.

பிறகு அவர் தன்னைக் கட்டிக்கொள்ளத் தொடங்கினார். இடுப்பில் ஒரு கயிறு, அதன் நுனி சன்னல் கம்பியில். முடிச்சுப் போடுவதில் அந்த ஊரிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் விடிந்து பார்த்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கும். கயிறு வட்டம் வட்டமாகச் சுருட்டப்பட்டு, வேலை முடிந்து எடுத்துவைக்கிற பதத்தில் தலைமாட்டில் இருக்கும். மனைவிதான் அவிழ்க்கிறாள் என்று சந்தேகப்பட்டு அவளை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார். அப்போதும் அவிழ்ந்தது. கட்டிய கையோடு விழித்தே இருந்து பார்த்தார். கண் சிமிட்டிய நேரத்தில் அவிழ்ந்தது. ஆறு வாரம் இந்தப் போராட்டம் நடந்தது. கடைசியில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. கூரையைப் பார்த்துச் சண்டை போட்டார். "புடிச்சிருக்குன்னு சொல்றது, அப்புறம் கட்டுனதை அவுத்து விடறது. இது என்ன நியாயம்? பதிலாவது ஒழுங்கா வந்துச்சா? யாரு புடிச்சிருக்கான்னே இல்லாத பதிலு! எங்க தொழில்ல இப்படி ஒருத்தன் பதில் சொன்னான்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவோம்" என்று கத்தினார். இப்படிக் கடவுளையே வேலையை விட்டு நிறுத்தப் பார்த்த ஆள் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

மனைவி மெஷினில் உட்கார்ந்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். "நீங்க கேட்டது கயித்தைப் பத்தி. வந்த பதிலும் கயித்தைப் பத்தித்தான்னு யாரு சொன்னா?" என்றாள். "எங்க அண்ணன் எங்கிட்ட வந்து, கூட வேலை பாக்குற அந்தக் கண்ணாடிக்காரனப் புடிச்சிருக்கான்னு கேட்டுச்சு. நானும் புடிச்சிருக்குன்னுதான் சொன்னேன். புடிச்சிருக்கேன்னா சொன்னேன்? அன்னைக்கு என் கையில கயிறா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, துணியைத் திருப்பிப் போட்டு அடுத்த ஓரத்தைத் தைக்கத் தொடங்கினாள்.

இதைக் கேட்டு அவர் உடனே தெளிந்துவிட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மூன்று நாள் கம்பியைப் பிடித்தபடி அதையே யோசித்தார். ஒன்பதாவது மாடியில், பத்துத் தடவையும், தன்னைப் பிடித்திருக்கிறது என்று எதுவோ சொல்லியிருக்கிறது. தன்னிடம் பிடித்துப்போக என்ன இருக்கிறது என்று எண்ணி எண்ணிப் பார்த்தார். துடைப்பதில் கெட்டிக்காரர், சரி. மற்றபடி முன்கோபி, வாங்கிய சாமானைத் திருப்பித் தருவதில் மறதிக்காரர். பிடித்துப்போனால் மட்டும் விழாமல் இருந்துவிட முடியுமா, அன்பு என்ன கயிறா என்றும் கேட்டுக்கொண்டார். முன்பாவது பயம் மட்டும் இருந்தது. இப்போது பயமும் குழப்பமும் சேர்ந்து இருந்தன. தன்னைக் கட்டிக்கொள்வதை மட்டும் நிறுத்தினார். கம்பியை விடவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. மச்சான் வேறு யாருக்கும் கயிறு பிடிக்க மறுத்துவிட்டு, தங்கை தைத்த திரைச்சீலைகளை வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்து அந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். குழந்தையை எல்லோரும் தூக்கினார்கள். கோபக்காரக் காவலாளி கூடத் தூக்கினார். அப்பா மட்டும் தூக்கவில்லை. தூக்க இரண்டு கை வேண்டும், இரண்டு கையும் கம்பியில் இருந்தன. மனைவி குழந்தையைக் கொண்டுவந்து அவர் முகத்தோடு முகம் வைப்பாள். அவர் மோந்து பார்ப்பார், கண் கலங்குவார், அவ்வளவுதான். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, எழுந்து நின்றது. நின்றதோடு சரி. ஒரு வயதானது, ஒன்றேகால் ஆனது, ஒன்றரையும் ஆனது; நாற்காலியைப் பிடிக்காமல், சுவரைப் பிடிக்காமல், மெஷின் காலைப் பிடிக்காமல் அது ஓரடி எடுத்து வைக்கவில்லை. ஒன்றை விடும் முன் இன்னொன்றைப் பிடித்தது. பழைய டாக்டரே வந்து பார்த்தார். காலில் ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு குழந்தை சுவரோரமாகப் பிடித்துப் பிடித்துப் போவதையும், எதிர்ச் சுவரில் அப்பா பிடித்துப் பிடித்துப் போவதையும் மாறி மாறிப் பார்த்தார். "நடக்கறதுன்னா இப்படித்தான்னு அது நினைச்சுக்கிட்டு இருக்கு" என்றார். கண்ணாடிக்காரர் ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்திருந்தால்கூட அவருக்கு அத்தனை வலித்திருக்காது. தன் பயம் தன்னோடு போகும் என்று நினைத்திருந்தார். அது மகளின் கைக்கும் போய்விட்டது.

அன்றிலிருந்து தினமும் விட்டுப் பார்த்தார். ஒரு விரலைப் பிரிப்பார், அடுத்ததைப் பிரிப்பார், மூன்றாவதில் காலுக்கடியில் ஒன்பது மாடி ஆழம் திறக்கும், படக்கென்று மூடிக்கொள்வார். வெட்கமாக இருந்தது. "எனக்காக இல்லன்னாலும் புள்ளைக்காக" என்று கூரையிடம் கெஞ்சினார். கூரை பதில் சொல்லவில்லை. நாற்பது நிமிடத்தில் பத்துத் தடவை பேசிய வாய், இரண்டு வருடமாகத் திறக்கவே இல்லை. போய்விட்டதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு வியாழக்கிழமை முற்பகல். மனைவி பெரிய ஹால் ஒன்றுக்கான நீலத் திரையைத் தைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் தரையில் உட்கார்ந்து திரை மாட்டும் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தார். குழந்தை மேசையின் காலைப் பிடித்தபடி வந்து, அப்பாவுக்கு இரண்டடி தள்ளி நின்றது. அங்கிருந்து பிடிக்க ஒன்றும் இல்லை. அவரை அண்ணாந்து பார்த்தது. பிறகு, மிகச் சாதாரணமாக, மேசையை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கியது.

"தூக்குப்பா" என்றது.

அப்பா தன்னைத் தூக்கி அது ஒருநாளும் பார்த்ததில்லை. தூக்குவார் என்பதற்கு அதனிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. தூக்குவீர்களா என்று கேட்டுவிட்டுக் கையை எடுக்கவும் இல்லை; எடுத்துவிட்டுத்தான் சொன்னது. நடு அறையில் எதையும் பிடிக்காமல், லேசாக ஆடிக்கொண்டு, ஏந்திய கையோடு நின்றது. மெஷின் சத்தம் நின்றது. மச்சானுக்கு எண்ணிக்கை தப்பியது. கண்ணாடிக்காரர் எதையும் யோசிக்கவில்லை என்றே பிற்பாடு சொன்னார். தைரியம் வந்ததா என்றால் அதுவும் வரவில்லையாம், பயந்துகொண்டேதான் இருந்தாராம். ஆனால் அந்தக் குழந்தை தன்னைப் பார்த்த பார்வையில், தான் யாரைப் பார்த்து இரண்டு வருடமாகச் சண்டை போட்டோமோ அவரைத் தான் ஒருநாளும் அப்படிப் பார்க்கவில்லையே என்று ஒரு கணம் தோன்றியதாம். கம்பியை விட்டார். இரண்டு கைகளையும் விட்டார். குனிந்து மகளை வாரி எடுத்தார்.

விழவில்லை. அறையின் நடுவில், சுவருக்கும் எட்டாமல் மேசைக்கும் எட்டாமல், மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். இரண்டு வருட அழுகை ஒன்றாக வந்தது. சத்தம் போட்டே அழுதார். குழந்தை அவர் கன்னத்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, தன் சட்டையில் துடைத்துக்கொண்டது. அப்போதுதான், குழந்தையின் கால்களைச் சரிசெய்யக் குனிந்தபோது, அவர் முதல் தடவையாகக் கீழே பார்த்தார். தன் பாதங்களைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்த ஓர் எறும்பைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷமா" என்றாள் மனைவி.

"சொல்லவே இல்லையே?"

"சொன்னா பயந்துருவீங்க."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். கம்பியைப் பிடித்திருந்த காலமெல்லாம், கம்பிதான் தன்னைத் தாங்குகிறது என்று அவர் நம்பியிருந்தார். சமையலறைக் குழாயும், பிய்ந்துபோன கதவுக் கொண்டியும், ஆடுகிற நாற்காலியும் தாங்கியதாக நம்பியிருந்தார். "எவ்வளவு உசரம்?" என்று கேட்டார். மச்சான் நான்கு விரற்கடை என்றார். மனைவி மெஷினிலிருந்து எழுந்து வந்து மண்டியிட்டு, தன் கையைக் குறுக்காகத் திருப்பி, அவர் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. சரியாக ஒரு கை வைக்கிற இடம்.

அதற்கப்புறம் குழந்தை நடந்ததைப் பற்றி எழுத அதிகமில்லை. எல்லாக் குழந்தைகளையும் போல நடந்தது, விழுந்தது, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அழுதது, மறுபடி நடந்தது. அதன் கால்கள் தரையில்தான் இருந்தன. கண்ணாடிக்காரர் அடுத்த மாதமே வேலைக்குத் திரும்பினார். இப்போது ஆள் கயிறு சிவப்பு, வாளிக் கயிறு நீலம். மச்சான் மூன்று சுற்றுச் சுற்றுகிறார். கடவுள் இருக்கிறார் என்பதற்காகக் கயிற்றைக் கட்டாமல் விடுகிற ஆட்கள் இல்லை அவர்கள். பயம் அவரை விட்டு ஒரேயடியாகப் போய்விடவும் இல்லை. சில காலைகளில் கைப்பிடிச் சுவரருகே வந்து நிற்கும். அவரும் கொஞ்ச நேரம் அதோடு நின்றுவிட்டு, பிறகு தாண்டி இறங்கிவிடுவார். ஏன் தன்னைப் பிடித்திருக்கிறது, அதுவும் இத்தனை வருடமாக, என்பது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்காமலே நன்றி சொல்லப் பழகிவிட்டார். மற்ற வீடுகளில் தரை துடைக்கும்போது "காலைத் தூக்குங்க, காலைத் தூக்குங்க" என்று பெண்கள் புருஷன்மாரிடம் கத்துவது காதில் விழும். அந்த வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அவர் பேப்பர் படித்துக்கொண்டு நின்றால், மனைவி அவர் காலுக்கடியிலும் ஒரு துடை துடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.